எழுதிய தடயமும் உரிமைச் சான்றும்: லினக்ஸ் கெர்னலின் பகிர்வு நினைவகத்தில் 2022-இல் மூடப்பட்ட ஓட்டை

பின்னணி: ஒரு பக்கம், பல உரிமையாளர்கள்

ஒரே கோப்பை நூறு நிரல்கள் திறந்திருந்தாலும் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் அதை நினைவகத்தில் நூறு முறை ஏற்றுவதில்லை. கோப்பை 4 கிலோபைட் பக்கங்களாகப் பிரித்து, ஒரே ஒரு பிரதியை பேஜ் கேஷ் என்ற நினைவகச் சேமிப்பில் வைத்துக்கொள்கிறது. எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று குறிக்கும் பக்க அட்டவணை ஒவ்வொரு நிரலுக்கும் உண்டு. எல்லா அட்டவணைகளும் அந்த ஒரே பிரதியைத்தான் சுட்டுகின்றன. கோப்பைத் தனிப்பட்ட முறையில் நினைவகத்தில் இணைத்துக்கொண்ட நிரல் ஒன்று அதில் எழுத முனைந்தால், அந்த நேரத்தில்தான் கெர்னல் பக்கத்தை நகலெடுத்து, நகலை அந்த நிரலிடம் கொடுக்கிறது. மூலம் தொடப்படாமல் இருக்கும். இதற்கு காப்பி-ஆன்-ரைட் என்று பெயர், சுருக்கமாக கவ்.

இந்த ஏற்பாட்டுக்குள், நிரல்களில் பிழை தேட உதவும் டிபக்கருக்காக ஒரு சிறப்பு வழி உண்டு. ஓடும் நிரலைக் குறிப்பிட்ட இடத்தில் நிறுத்த, டிபக்கர் அங்குள்ள கட்டளையின் முதல் பைட்டின் மேல் வேறொரு பைட்டை எழுதுகிறது. எக்ஸ்86 செயலிகளில் அந்தப் பைட்டின் மதிப்பு 204. ஆனால் கட்டளைகள் இருக்கும் பக்கங்கள் வாசிக்க மட்டுமே அனுமதி பெற்றவை. எனவே அனுமதி இல்லாத இடத்திலும் எழுத கெர்னல் ‘ஃபோர்ஸ்’ என்ற உள்கொடியை வைத்திருக்கிறது. ஓடும் நிரல்களின் விவரங்களைக் கோப்புகளாகக் காட்டும் ப்ராக் கோப்பமைப்பில், ஒவ்வொரு புராசஸுக்கும் (ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கும்) உள்ள, அதன் நினைவகத்தையே கோப்பாகத் தரும் ‘மெம்’ கோப்பின் வழியாக எழுதினாலும் இதே வழிதான் திறக்கும். சாதாரணப் பயனர் எவரும் தன் சொந்தப் புராசஸின் மெம் கோப்பைத் திறக்கலாம்.

கேட்டதும் பதற வைக்கும் ஏற்பாடு இது. ஆனாலும் ஃபோர்ஸ் வழியில் எழுதுவது எப்போதும் நகலில்தான் விழும், மூலக் கோப்பில் விழாது என்ற உறுதியின் பேரில் இது அனுமதிக்கப்பட்டிருக்கிறது. அப்படியானால் எழுதுவதற்கு முந்தைய நொடியில் கெர்னல் ஒரே ஒரு கேள்விக்குத் தவறில்லாமல் பதில் சொல்ல வேண்டும்: இப்போது கையில் இருக்கும் பக்கம் நகல்தானா, அல்லது எல்லோருக்கும் பொதுவான மூலமா? பதினேழு ஆண்டுகளில் இந்தக் கேள்விக்கு நான்கு விதமாகப் பதில் தேடப்பட்டது. இந்த ஆய்வு அந்தத் தேடலைப் பற்றியது. இதில் வருபவர்கள் எவரையும் பெயர் சொல்லாமல், அவர்கள் எடுத்த முடிவுகளை மட்டும் பதிவு செய்கிறேன்.

2005: இரண்டு நாளில் கைவிடப்பட்ட திருத்தம்

பயனர் நினைவகத்தின் பக்கங்களைக் கெர்னல் எடுத்துக்கொள்ளும் செயற்கூறு ஒரு சுழற்சியாக ஓடுகிறது. பக்கத்தைத் தேடும், எழுத அனுமதி இல்லையென்றால், எழுத முயன்றதாகக் கொண்டு நகலெடுக்கச் சொல்லும், பிறகு மறுபடி தேடும். இரண்டாவது தேடலில் கெர்னல் ‘எழுத வேண்டும்’ என்ற நிபந்தனையைத் தளர்த்தி, ‘வாசித்தால் போதும்’ என்று கேட்டது. இரண்டு தேடல்களுக்கும் நடுவே அதே நிரலுக்குள் இணையாக ஓடும் வேறொரு இழை பக்க அட்டவணையை மாற்றிவிட்டால் என்ன ஆகும் என்ற ஐயம் லினக்ஸை உருவாக்கியவருக்கே 2005 ஆகஸ்டில் எழுந்தது. அவர் செய்த திருத்தம் எளிமையானது: பக்க அட்டவணைப் பதிவில் டர்ட்டி பிட் இருந்தால்தான் எழுதத் தகுந்த பக்கம் என்று ஏற்க வேண்டும்.

டர்ட்டி பிட் என்பது ‘இந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது’ என்பதற்கான குறி. நினைவகம் நிறைந்து பக்கங்களை வெளியேற்ற வேண்டிய வேளையில், எதை வட்டில் சேமித்துவிட்டு விட வேண்டும், எதை அப்படியே விட்டுவிடலாம் என்று தீர்மானிக்கப் பயன்படுவது. அதன் சொந்த வேலை அதுதான்.

இரண்டொரு நாளில் திருத்தம் திரும்பப் பெறப்பட்டது. ஐபிஎம் பெருங்கணினிகளின் எஸ்390 கட்டமைப்பில் அந்தக் குறி அன்று பக்க அட்டவணையில் இருக்கவில்லை. பௌதிகப் பக்கத்தோடு சேர்ந்த தனி இடத்தில் இருந்தது. ஆகவே அங்கே நிபந்தனை ஒருபோதும் நிறைவேறாது. திரும்பப் பெற்றவர் இன்னொரு காரணத்தையும் எழுதி வைத்தார். ஒரு புராசஸ் தன்னைப் போன்ற இன்னொன்றை உருவாக்கும் ஃபோர்க் நடக்கும்போது கெர்னல் எழுதும் அனுமதியை நீக்குகிறது, டர்ட்டி பிட்டை அப்படியே விட்டுவிடுகிறது. அதாவது, பெற்ற புராசஸும் பிறந்த புராசஸும் பகிர்ந்துகொள்ளும் பக்கத்திலும் அந்தக் குறி இருக்க முடியும். இந்த இரண்டாவது காரணத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ‘எழுதப்பட்டது’ என்றால் ‘எனக்கு மட்டும் உரியது’ என்று பொருள் அல்ல என்பது 2005-லேயே எழுத்தில் இருந்தது.

பழைய ஐயத்தைப் பெரிதாக எவரும் பொருட்படுத்தவில்லை. அன்றைய கணினிகளில் அந்த இடைவெளியை வேறொரு இழை சரியாகப் பிடிப்பது ஏட்டளவு சாத்தியமாகவே கருதப்பட்டது.

2016: டர்ட்டி கவ்

தன் சேவையகத்துக்கு வரும் எச்டிடிபி போக்குவரத்தை முழுமையாகப் பதிவு செய்து வந்த ஒருவர், ஊடுருவல் ஒன்றுக்குப் பின் அந்தப் பதிவுகளிலிருந்து தாக்குதல் நிரலை மீட்டெடுத்தார். அதில் இருந்தது 2005-இன் ஐயமேதான்.

நடந்ததை நெருங்கிப் பார்ப்போம். நிர்வாகிக்குச் சொந்தமான, சாதாரணப் பயனர் வாசிக்க மட்டுமே முடிந்த ஒரு கோப்பை அந்த நிரல் தனிப்பட்ட முறையில் நினைவகத்தில் இணைக்கிறது. முதல் இழை, மெம் கோப்பின் வழியாக அந்த முகவரியில் விடாமல் எழுத முயல்கிறது. இரண்டாவது இழை, ‘இந்தப் பக்கம் எனக்கு இனி வேண்டாம்’ என்று கெர்னலிடம் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலான சுற்றுகளில் எதுவும் கெடுவதில்லை. ஏதோ ஒரு சுற்றில், கெர்னல் நகலெடுத்து முடித்து, ‘எழுத வேண்டும்’ என்ற நிபந்தனையைத் தளர்த்திய அந்தக் கணத்தில், இரண்டாவது இழையின் கோரிக்கை நகலைத் தூக்கி எறிகிறது. கெர்னல் திரும்பித் தேடும்போது நகல் இல்லை. வாசிக்கத்தானே கேட்கிறோம் என்று பேஜ் கேஷில் உள்ள மூலப் பக்கத்தையே எடுத்துத் தருகிறது. எழுத்து மூலத்தில் விழுகிறது. கடவுச்சொல் கோப்போ நிர்வாகி உரிமையோடு ஓடும் நிரலோ, எதையும் மாற்றிவிடலாம். 2007-இல் வெளியான 2.6.22 முதல் எல்லாக் கெர்னல்களும் இதற்கு ஆட்பட்டிருந்தன. ஆண்ட்ராய்டு கைபேசிகளும் தப்பவில்லை.

டர்ட்டி கவ் என்று பெயர்பெற்று, பாதுகாப்புப் பிழைகளின் பொதுப் பட்டியலான சிவிஇ-யில் சிவிஇ-2016-5195 என்று எண்ணிடப்பட்ட இந்தப் பிழைக்கு 2016 அக்டோபர் 18 அன்று திருத்தம் சேர்ந்தது. பதினோரு ஆண்டுகளுக்கு முன் தான் இதை மோசமாகத் திருத்த முயன்றதாக லினக்ஸை உருவாக்கியவர் திருத்தக் குறிப்பிலேயே ஒப்புக்கொண்டார். நினைவக மேலாண்மை நன்றாக விரிவடைந்துவிட்டதால், அன்று ஏட்டளவில் இருந்த, இழைகளுக்கு இடையிலான போட்டி இன்று எளிதில் நிகழ்கிறது என்றும் எழுதினார். இவ்வளவு நேர்மையான திருத்தக் குறிப்பைப் படிப்பது எனக்கு மனநிறைவு தருகிறது. பின்னாளில் வந்தவர்கள் இந்த வரலாற்றைப் பின்தொடர முடிந்ததே அந்தக் குறிப்பால்தான்.

திருத்தம் இரண்டு பகுதிகளால் ஆனது. எழுதும் நிபந்தனையை இனித் தளர்த்துவதில்லை. மாறாக, ‘நகலெடுத்தாயிற்று’ என்று ‘கவ்’ என்ற புதிய உள்கொடி குறித்துக்கொள்ளும். அந்தக் கொடி இன்னும் உண்மைதானா என்பதை டர்ட்டி பிட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளும். எஸ்390-இல் மென்பொருள் வழி டர்ட்டி பிட் 3.9 பதிப்பிலேயே வந்துவிட்டதால் பழைய தடையும் இல்லை.

நகலெடுக்கும்போது கெர்னல் டர்ட்டி பிட்டை இடுகிறது. வாசிக்க மட்டும் இணைக்கப்பட்ட மூலப் பக்கத்தில் அதை யாரும் இடுவதில்லை. எனவே பிட் இருந்தால் நகல். அன்றைய நிரலின்படி இந்த வாதம் சரியே. ஆனால் ‘யாரும் இடுவதில்லை’ என்பது அன்றைய நிலவரம்தான். அப்படி ஒரு விதி எங்கும் இல்லை. வீட்டு வரி ரசீதைக் காட்டி வீட்டுக்கு உரிமை கோருவது போன்றது இது. பெரும்பாலும் உரிமையாளர்தான் வரி கட்டுவார். அதனால் ரசீது கிரயப் பத்திரம் ஆகிவிடாது.

2017: முதல் எச்சரிக்கை

ஓராண்டு கழித்து, வழக்கமானதைவிட மிகப் பெரிய பக்கங்களான பெரும்பக்கங்களைக் கையாளும் பகுதியில் டர்ட்டி பிட் கேள்வியில்லாமல் இடப்படுவது தெரியவந்தது. வாசிக்க மட்டுமேயான பெரும்பக்கங்களில் எழுத அது வழி செய்தது. சிவிஇ-2017-1000405 என்று அறியப்பட்ட அந்தப் பிழையைத் திருத்தியவர்கள், தேவையற்ற இடத்தில் பிட் இடுவதை நிறுத்தினார்கள். பிட்டைச் சான்றாகக் கொள்ளும் முறை அப்படியே தொடர்ந்தது.

2021: வேறொரு கோப்பில் ஒரு துப்புரவு

பகிர்வு நினைவகம் இங்கேதான் நேரடியாகக் கதைக்குள் வருகிறது. லினக்ஸில் புராசஸ்கள் தங்களுக்குள் தரவைப் பகிர உருவாக்கும் நினைவகப் பொருள்கள், டெவ் அடைவின் கீழ் உள்ள எஸ்எச்எம், மெம்எஃப்டி வழியாக உருவாகும் பெயரற்ற கோப்புகள், நினைவகத்திலேயே கோப்புகளை வைக்கும் டிஎம்பிஎஃப்எஸ் கோப்பமைப்பு ஆகிய அனைத்துக்கும் கீழே ஒரே அடித்தளம் இருக்கிறது. கெர்னலில் அதை எஸ்எச்மெம் என்பார்கள். அதன் பக்கங்களும் பேஜ் கேஷில்தான் இருக்கின்றன.

மெம்எஃப்டியில் முத்திரை வசதியும் உண்டு, 2014-இல் 3.17 பதிப்பில் வந்தது. தரவை எழுதி முடித்து, ‘இனி யாரும் எழுத முடியாது’ என்று முத்திரையிட்டு, இன்னொரு புராசஸிடம் ஒப்படைக்கலாம். பெறுபவர் முத்திரையைச் சரிபார்த்துவிட்டு, உள்ளடக்கத்தைத் தனியாக நகலெடுக்காமலேயே நம்பிப் படிக்கலாம். படித்துக்கொண்டிருக்கும்போது அது மாறாது. ஒருவரையொருவர் நம்பாத இரண்டு புராசஸ்கள் நினைவகத்தைப் பகிர்ந்துகொள்ள இந்த வாக்குறுதிதான் அடிப்படை.

யூசர்ஃபால்ட்எஃப்டி என்ற வசதி, கேட்ட பக்கம் அட்டவணையில் இல்லாதபோது எழும் பக்கப் பிழைகளைப் பயனர் நிரலே கையாள இடம் தருகிறது. ஒரு கணினியில் ஓடும் மெய்நிகர் இயந்திரத்தை நிறுத்தாமல் இன்னொரு கணினிக்கு மாற்றுவோருக்கு இது இன்றியமையாதது. பேஜ் கேஷில் ஏற்கெனவே உள்ள பக்கத்தை அப்படியே பக்க அட்டவணையில் பதித்துத் தரும் ‘கன்டின்யூ’ கட்டளை, எஸ்எச்மெமுக்கு 2021-இல் 5.14 பதிப்பில் கிடைத்தது.

அடுத்து, யூசர்ஃபால்ட்எஃப்டி பக்கத்தைப் பதிக்கும் செயற்கூறில் ஒரு சீரமைப்பு நடந்தது. அதுவரை டர்ட்டி பிட் சில சூழல்களில் இடப்பட்டது, எஸ்எச்மெமின் ஒரு சூழலில் வேறு முறையில் குறிக்கப்பட்டது. இந்தக் கிளைகளை நீக்கி, எப்போதும் இட்டுவிட்டால் நிரல் எளிதாகும், தெளிவாகும் என்று முடிவு செய்யப்பட்டது. டர்ட்டி பிட்டின் சொந்த வேலையை மட்டும் வைத்துப் பார்த்தால் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிட் கூடுதலாக இருந்தால் தரவு தொலையாது. இல்லாமல் போனால்தான் தொலையும். இந்த மாற்றம் 2022 ஜனவரியில் வெளியான 5.16-இல் சேர்ந்தது.

அதைச் செய்தவர் மீதோ மேலாய்வு செய்தவர்கள் மீதோ எனக்குக் குறையில்லை. அவர்கள் திருத்திய நிரல் கோப்பில், இந்தப் பிட்டை வேறொரு நிரல் கோப்பு பாதுகாப்புச் சான்றாகப் படிக்கிறது என்று சொல்லும் வரி ஒன்றுகூட இல்லை.

2022 ஆகஸ்ட்: கண்டறிதல்

இந்த முறை தாக்குதலால் எதுவும் வெளிப்படவில்லை. ஃபோர்ஸ் வழியில் டர்ட்டி பிட்டைச் சோதிக்கும் வரியைப் படித்த ஒரு கெர்னல் நிரலாளர், இது சிக்கலானது, சுரண்டக்கூடியதாகவும் இருக்கலாம் என்று சுட்டிக்காட்டினார். நினைவக மேலாண்மையில் பல ஆண்டுகளாகப் பணியாற்றும் இன்னொருவர் அதை எடுத்துக்கொண்டு, உண்மையிலேயே சுரண்ட முடியும் என்று நிறுவினார்.

வழிமுறை 2016-ஐ ஒத்ததுதான், கூடுதலாக ஒரு கை மட்டும் சேர்ந்திருந்தது. டிஎம்பிஎஃப்எஸ் கோப்பை வாசிக்க மட்டும் தனிப்பட்ட முறையில் இணைக்க வேண்டும். ஒரு பக்கம் மெம் கோப்பின் வழியாக எழுதும் முயற்சி. கெர்னல் நகலெடுத்து கவ் கொடியை ஏற்றிக்கொள்ளும். இன்னொரு பக்கம் ‘பக்கம் வேண்டாம்’ என்ற கோரிக்கை, நகல் போய்விடும். உடனே மூன்றாவதாக கன்டின்யூ கட்டளை: பகிர்ந்த மூலப் பக்கம் வாசிக்க மட்டும் என்ற நிலையில், ஆனால் டர்ட்டி பிட்டோடு, அதே இடத்தில் வந்து அமரும். திரும்பித் தேடும் கெர்னல் கொடியைப் பார்க்கும், பிட்டைப் பார்க்கும், நகல் என்று நம்பி மூலத்தில் எழுதும்.

எழுத அனுமதி இல்லாத பயனர் பகிர்வு நினைவகக் கோப்புகளை மாற்ற முடிந்தது. மெம்எஃப்டியின் எழுத்து முத்திரையும் செல்லாததாயிற்று. பாதிப்பின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும்: 5.16-உம் அதற்குப் பிந்தைய கெர்னல்களும், யூசர்ஃபால்ட்எஃப்டி இயக்கப்பட்டிருக்கும் நிலையில், எக்ஸ்86-64, ஏஆர்ச்64 ஆகிய இரு கட்டமைப்புகளில் மட்டும். வட்டில் உள்ள சாதாரணக் கோப்புகளை இதனால் தொட முடியாது. சிவிஇ-2022-2590 என்று எண்ணிட்டு, ‘எஸ்எச்மெமுக்குள் அடங்கிய டர்ட்டி கவ்’ என்றே விவரித்தார்கள்.

முடிவும் அதன் காரணமும்

இரண்டு வழிகள் இருந்தன. துப்புரவு மாற்றத்தைத் திரும்பப் பெறுவது ஒன்று. 5.19-க்கு முந்தைய கெர்னல்களுக்கு அதுவே போதும் என்று திருத்தக் குறிப்பு சொன்னது. பழைய பதிப்புகளில் சிறிய, புரிந்த மாற்றம் செய்வதே முறை.

ஆனால் முதன்மைக் கெர்னலுக்கு அந்த வழி தேர்ந்தெடுக்கப்படவில்லை. வாசிக்க மட்டும் பதிக்கப்பட்ட பகிர்ந்த பக்கத்தில் எங்கோ ஒரு நிரல்வரி டர்ட்டி பிட்டை இட்டால் போதும், ஓட்டை மறுபடி திறந்துவிடும். அப்படி இடுவதன் விளைவு எல்லோருக்கும் உடனே புலப்படாது என்பதும் குறிப்பில் இருக்கிறது. 2017-இல் பெரும்பக்கம், 2021-இல் எஸ்எச்மெம். மூன்றாவதற்குக் காத்திருக்க அவர்கள் விரும்பவில்லை.

மாற்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது அவர்களுக்கு வாய்ப்பாயிற்று. ஃபோர்க்குக்குப் பின் பெற்ற புராசஸின் தரவைப் பிறந்த புராசஸ் படிக்க முடிந்த வேறொரு பிழை 2020-இல் தெரியவந்து, அதைச் சரிசெய்யப்போய் புதிய தொல்லைகள் எழுந்து, நீண்ட உழைப்புக்குப் பின் 2022 ஜூலை இறுதியில் வெளியான 5.19-இல் தனியுரிமைக் குறி என்று சொல்லத்தக்க ஒரு புதிய குறி பிறந்திருந்தது. கோப்பு எதையும் சாராத ஒரு பக்கம் இந்த ஒரு புராசஸுக்கு மட்டுமே உரியது என்று சொல்வதற்கென்றே அது உருவாக்கப்பட்டது. ஃபோர்க்கில் பக்கம் பகிரப்பட்டால் குறி நீங்கிவிடும்.

புதிய சோதனை வரிசையாகக் கேட்கிறது. பதிவில் எழுத அனுமதி இருக்கிறதா? இருந்தால் எழுதலாம். இல்லையென்றால், ஃபோர்ஸ் கேட்கப்பட்டிருக்கிறதா? இணைப்பு பகிர்ந்த வகையா? அப்படியானால் ஃபோர்ஸ் செல்லாது. எழுதக்கூடிய பகுதியேதானா? அப்படியானால் முறையான வழியில் போகட்டும். கடைசியாக, தனியுரிமைக் குறி உள்ள பக்கம்தானா? இல்லையென்றால் இடையில் ஏதோ நடந்திருக்கிறது. மீண்டும் நகலெடுக்க வேண்டும். யூசர்ஃபால்ட்எஃப்டி வழியாக எழுத்துப் பாதுகாப்பு இடப்பட்ட பக்கமா என்பதும் தனியே பார்க்கப்படுகிறது. இல்லாவிட்டால் அந்தப் பாதுகாப்பை மெம் கோப்பு சத்தமில்லாமல் தாண்டிவிடும்.

இந்த வரிசையில் டர்ட்டி பிட் எங்கும் இல்லை. ‘முன்பு நகலெடுத்தோம்’ என்று நினைவில் வைத்துக்கொள்ளும் கவ் கொடியும் தேவையற்றதாகி நீக்கப்பட்டது. நடந்து முடிந்ததை நினைவில் வைத்து முடிவெடுக்காமல், இந்தக் கணத்தில் பக்கம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை மட்டும் பார்ப்பதால், நடுவே யார் எதை மாற்றினாலும் விடை தவறாது. இத்திருத்தத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

பின்னர் நடந்தவை

திருத்தம் 2022 அக்டோபரில் வெளியான 6.0-இல் இடம்பெற்றது, 5.19-க்கும் சிறு மாறுதல்களோடு கொண்டுசெல்லப்பட்டது. ஃபோர்ஸ் கொடியை டிபக்கர்கள் மட்டும் பயன்படுத்தவில்லை, தொலைநினைவக அணுக்கத்துக்கான ஆர்டிஎம்ஏ பகுதியும் பயன்படுத்துகிறது என்பது இந்த வேளையில் மீண்டும் கவனத்துக்கு வந்தது. 2023 பிப்ரவரியில் வந்த 6.2-இல் சாதன இயக்கிகளிலிருந்து அந்தப் பயன்பாடு அகற்றப்பட்டது.

எதை வேறுவிதமாகச் செய்திருக்கலாம்

2016-இல் தனியுரிமைக் குறி இருக்கவில்லை. அதைப் பயன்படுத்தியிருக்கலாமே என்று இன்று சொல்வது நியாயமாகாது. ஆனால் பக்கம் கோப்பைச் சார்ந்ததா, சாராததா என்ற கேள்வியை அன்றே கேட்டிருக்கலாம். பேஜ் கேஷில் உள்ள பக்கம் ஒருபோதும் ‘சாராதது’ ஆகாது. அந்த ஒரு சோதனை இருந்திருந்தால் 2021-இன் துப்புரவு எந்தக் கோப்பையும் திறந்துவிட்டிருக்காது. ஃபோர்க்கால் பகிரப்பட்ட பக்கங்களுக்கு அது விடை சொல்லாது என்பது உண்மைதான். முழுத் தீர்வு அல்ல. ஆனாலும் பெரிய இழப்பை அது தடுத்திருக்கும்.

2017-இன் முடிவைப் பற்றியே எனக்கு வருத்தம் அதிகம். அன்று கேட்கப்பட்டது ‘இந்த இடத்தில் ஏன் பிட் இடப்படுகிறது’ என்பது. ‘பிட்டை ஏன் நம்புகிறோம்’ என்று கேட்டிருந்தால், பதில் 2005-இன் திருத்தக் குறிப்பிலேயே காத்திருந்தது. பழைய குறிப்புகளைத் தேடிப் படிக்கும் வேலையை அவசரத் திருத்தத்தின் நடுவில் எவரும் செய்வதில்லை. திருத்தம் போன மறுவாரமாவது அதற்கென்று ஒருவர் அமர வேண்டும்.

இன்னொன்று, சான்றைப் படிக்கும் இடத்தில் மட்டும் விளக்கம் எழுதினால் போதாது. சான்று உருவாகும் இடங்களிலும் எழுத வேண்டும். டர்ட்டி பிட்டை இடும் ஒவ்வொரு செயற்கூறின் மேலும் ‘ஃபோர்ஸ் வழி இதைப் பார்க்கிறது’ என்று ஒரு வரி இருந்திருந்தால், 2021-இல் மேலாய்வு செய்தவர்களில் ஒருவராவது நின்று யோசித்திருப்பார்.

ஃபோர்ஸ் வழி முழுவதுமாக மூடப்படவில்லை. டிபக்கர்கள் இருக்கும்வரை மூடவும் முடியாது. 2024 நவம்பரில் வெளியான 6.12 முதல், கணினி தொடங்கும்போதே அதன் எல்லையை நிர்வாகி தீர்மானிக்கலாம்: மெம் கோப்பின் வழியாக வலிந்து எழுதுவதைப் பழையபடி எல்லோருக்கும் விடலாம், பிடிரேஸ் என்ற கண்காணிப்பு வசதி மூலம் இணைந்திருக்கும் டிபக்கருக்கு மட்டும் விடலாம், அல்லது முற்றிலும் மறுக்கலாம். இயல்பிருப்பாகப் பழைய நிலையே தொடர்கிறது. பலர் பகிர்ந்து பயன்படுத்தும் சேவையகங்களில் நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பேன்.